ஓராள் உயர மூட்டம்

ஆடி மாதத்து மூட்டம் ஊசிக்கல் தோட்டத்தில் பத்து மணிக்குத்தான் எழும்பும், எழும்பும்போது தூங்குகிறவன் மேலிருந்து கம்பளியை உருவுகிற மாதிரி ஐந்தாம் நம்பர் மலை, ஆறாம் நம்பர் மலை என்று வரிசையாக உருவிக்கொண்டு மொத்தமாகப் போய்விடும், ஆனால் அந்தத் திங்கட்கிழமை மட்டும், மலை முழுக்க வெயில் விழுந்து தேயிலைச் செடியெல்லாம் மினுங்கத் தொடங்கிய பிறகும், ஏழாம் நம்பர் மலையில் நிரைகள் எல்லாம் போய் முட்டுகிற பெரிய கல்லுக்குப் பக்கத்தில், ஓராள் உயரத்துக்கு ஓராள் அகலத்துக்கு ஒரு துண்டு மூட்டம் போகாமல் நின்றது. அதற்குள் யோகமலர் நின்றாள்.

அவள் பயப்படவில்லை. கையை நீட்டிப் பார்த்தாள், முழங்கைக்கு அப்பால் கை தெரியவில்லை. ஓரடி வைத்தாள், மூட்டமும் ஓரடி வைத்தது. குனிந்தாள், அதுவும் குனிந்தது. சரி, வந்ததுதான் வந்தது, வேண்டிய நேரத்தில் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மறுபடி கொழுந்து கிள்ளத் தொடங்கினாள்.

கீழே ரோட்டில் நின்ற கணக்கப்பிள்ளை மருதவீரனுக்குத்தான் சங்கடமாகப் போயிற்று. அவருக்கு முழங்கால் வலி. மூட்டம் இறங்கிய நாளில் அவர் மலைக்குள் ஏறமாட்டார். கீழேயே குடையைப் பிடித்துக்கொண்டு நின்று பேர் பேராகக் கூப்பிடுவார், மூட்டத்துக்குள்ளிருந்து 'இருக்கேங்கய்யா' என்று ஒரு குரல் வந்தால் பேருக்கு நேரே ஒரு கோடு போடுவார். பத்தொன்பது பேர், பத்தொன்பது குரல், பத்தொன்பது கோடு. அதில் எத்தனை குரல் யோகமலருடைய தொண்டையிலிருந்து வந்தது என்பது மலைக்குத் தெரியும், மூட்டத்துக்குத் தெரியும், மற்றப் பதினெட்டுப் பெண்களுக்கும் தெரியும், கணக்கப்பிள்ளைக்கு மட்டும் தெரியாது. பிள்ளைக்கு ஊசி போட டவுனுக்குப் போனவளுக்காக ஒரு கட்டைக் குரல், இடுப்பு வலியில் லயத்து வீட்டில் படுத்துக் கிடப்பவளுக்காக மூக்கால் வருகிற ஒரு குரல், தம்பி கல்யாணத்துக்குப் போனவளுக்காக ஒரு கொஞ்சல் குரல் என்று அவள் எடுத்து எடுத்துக் கொடுப்பாள். ஒருநாள் மூட்டத்துக்குள்ளிருந்து, தோட்டத்தை நடத்துகிற பெரிய துரையின் குரலில், "மருதவீரன், குடையை மடக்கு" என்றாள். மனுசன் அரை மணி நேரம் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மழையில் விறைத்து நின்றார்.

அந்தத் திங்கட்கிழமையும் மூன்று பேர் மலையில் இல்லை, மூன்று பேருக்கும் யோகமலர்தான் குரல் கொடுத்திருந்தாள். வெயில் வந்ததும் கணக்கப்பிள்ளை தலைகளை எண்ணினார். பதினைந்து தலை, ஒரு மூட்டம். மறுபடி எண்ணினார், அதேதான். நாலு பெண்கள் இல்லை, அந்த நாலு பேரில் ஒருத்தி மூட்டத்துக்குள் இருக்கிறாள், அது எவள் என்று கேட்டால் மற்ற மூன்று பேர் எங்கே என்ற கேள்வி வரும், அந்தக் கேள்வி வந்தால் இத்தனை வருசமாக நீ எப்படிப் பேர் போட்டாய் என்ற கேள்வி துரையிடமிருந்து வரும். ஆகவே அவர் செக்ரோல் என்கிற பேர்ப் புத்தகத்தை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "வேலையப் பாருங்கம்மா, வெயில்ல ஒரு மூட்டம் நின்னா என்னா இப்ப" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார்.

யோகமலருக்கு முப்பத்தொரு வயது, மூன்று பிள்ளைகள், வயிற்றில் நாலாவது, அதற்கு எட்டு வாரம். அது வேண்டாம் என்பதில் அவளுக்கு ஒரு நூல் அளவு சந்தேகமும் இல்லை. மூன்றாவது பிள்ளையின்போது இரத்தம் நிற்காமல் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவள். புருஷன் சந்திரபோஸ் கொழும்பில் பாத்திரக் கடையொன்றில் சாமான் தூக்குகிறான், மாதம் ஒரு தடவை வருகிறான். நாலாவது வந்தால் மூத்தவள் திலுக்ஷனா எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தொட்டில் ஆட்ட உட்காருவாள், அப்புறம் தலையில் கயிறு போட்டுக் கூடை மாட்டிக்கொண்டு அதே ஏழாம் நம்பர் மலைக்கு வருவாள், அதோடு முடிந்தது கதை.

மருத்துவிச்சி தவநாயகி மிஸ்ஸிடம் போய்க் கேட்டாள். மாதம் ஒரு தடவை லயம் லயமாக ஏறி இறங்கி, எடை பார்த்து, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துப் போகிற மிஸ். அவர் கதவைச் சாத்திவிட்டு, சாத்தியும் பிரயோசனமில்லை என்று தெரிந்தபடியால் காதுக்குப் பக்கத்தில் வந்து, பாடப் புத்தகம் வாசிக்கிற குரலில் சொன்னார்: தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுந்தான் இந்த நாட்டில் செய்யலாம், அதையும் இரண்டு பெரிய டொக்டர்மார் எழுதித் தரவேண்டும்.

"நான் செத்துருவேனான்னு எப்ப மிஸ் தெரியும்?"

"செத்த பெறகுதான்" என்றார் மிஸ். சொன்ன பிறகு தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே விளங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு பையைக் கிண்டி, மாத்திரை அட்டை ஒன்றுக்குப் பதில் இரண்டாகக் கொடுத்தார். வாசலில் நின்று, கீழ்ப்பிரிவுப் பக்கம் மட்டும் போய்விடாதே என்று சொன்னார், அதையும் காதுக்குள்தான்.

கீழ்ப்பிரிவில் களவாகக் கலைத்துவிடுகிற ஒரு வீடு உண்டு. அந்த வீட்டுக்குத்தான் போன வருசம் புஷ்பலீலா போனாள், யோகமலரின் வலது பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி. லயத்துக் காம்பராக்களுக்கு நடுவில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது, முக்கால்வாசியில் நின்றுவிடும், அதனால் ஒரு வீட்டில் இருமினால் பன்னிரண்டு வீட்டுக்கும் தெரியும், அப்படித்தான் புஷ்பலீலா பல்லைக் கடித்துக்கொண்டு முனகியது இரண்டு நாளும் யோகமலருக்குக் கேட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சுவருக்கு மேலால் கெஞ்சினாள். வார்ட்டுக்கே பொலிஸ் வந்து வாக்குமூலம் எழுதும், பேர் தோட்டமெல்லாம் நாறும் என்று அவள் போகவில்லை. மூன்றாம் நாள் முனகல் இல்லை. எல்லாருடைய குரலையும் எடுக்கிற யோகமலர் அந்தக் குரலை மட்டும் ஒருநாளும் எடுத்ததில்லை.

ஆனால் துரையின் பங்களாவுக்குச் சுவர் உண்டு. அங்கே யோகமலர் ஒரு மாதம் துணி துவைக்கப் போயிருந்தாள். ஒரு புதன்கிழமை துரையின் மனைவி தொரசாணியம்மா, முகத்துக்கு ஏதோ ட்ரீட்மென்ட் என்று சொல்லிக் கறுப்புக் கண்ணாடி போட்ட காரில் நகரத்துக்குப் போனார், சாயங்காலம் அதே முகத்தோடு திரும்பி வந்தார், வெந்நீர்ப் பையை வயிற்றில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் படுத்தார், சமையல்காரர் சூப் வைத்துக் கொடுத்தார், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. படுக்கைத் துணியைத் துவைத்தவளுக்கு மட்டும் விளங்கியது. விளங்கியதை அவள் வெளியே சொல்லவில்லை. பாவம், அந்தம்மாவுக்கும் என்ன கஷ்டமோ. ஆனால் போகிற இடம் எது என்று டிரைவரின் வாயைக் கிண்டித் தெரிந்துவைத்துக்கொண்டாள். சட்டம் பங்களாவுக்கும் லயத்துக்கும் ஒன்றுதான். கதவுதான் வேறு வேறு.

இத்தனையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒன்பது நாளாகக் கொழுந்து எடுத்தவளுக்குத்தான் பத்தாம் நாள் மூட்டம் வந்து நின்றது.

அன்று மாலை அவள் மூட்டத்தோடேயே லயத்துக்கு இறங்கினாள். பன்னிரண்டு வீட்டு அடுப்புப் புகையும் வாசலில் கலந்து கிடந்ததால் எது புகை, எது மூட்டம், எது எந்தக் கதவுக்குள் போனது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. உள்ளே போய்க் கூடையை இறக்கினாள், பிறகு தோளைக் குலுக்கி மூட்டத்தைக் கழற்றிப் பார்த்தாள், மழைக் கோட்டு மாதிரி கழன்று வந்தது. கூடைக் கயிறு தொங்குகிற ஆணியில் மாட்டினாள். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. திலுக்ஷனா பாடப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி அதைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், எழுந்து போய் ஒரு பேசினைக் கொண்டுவந்து அதற்குக் கீழே வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து கணக்குப் போடத் தொடங்கினாள்.

புருஷனுக்குச் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் பன்னிரண்டு வீடும் கேட்கும். ஆகவே யோகமலர் போனை வாயருகே பிடித்து, ரேடியோவில் செய்தி வாசிக்கிற அம்மாவின் குரலை எடுத்தாள்.

"ஊசிக்கல் தோட்டத்தில் நாலாவது முறையும் மழை பெய்யலாம் என்று எதிர்பார்க்கப்படுகிறது. தோட்ட மக்கள் இந்த மழையை விரும்பவில்லை. இதுபற்றிக் கொழும்பிலுள்ள அதிகாரியின் கருத்துக் கேட்கப்பட்டுள்ளது."

அந்தப் பக்கத்தில் பாத்திரம் இறங்குகிற சத்தம் கேட்டது. பிறகு சந்திரபோஸ், பிறந்ததிலிருந்து ஒருவர் குரலையும் எடுத்தறியாதவன், தொண்டையைச் செருமிக்கொண்டு, "மக்கள் விரும்பாத மழை தேவையில்லை என்று அதிகாரி தெரிவித்தார்" என்றான். நிறுத்தினான். "அதிகாரி ரொம்பப் பயந்துபோயிருப்பதாகவும் தெரிவித்தார்."

செவ்வாயும் புதனும் மூட்டம் ஆணியிலேயே தொங்கியது, யோகமலர் வெறும் ஆளாக மலைக்குப் போய் வந்தாள். அந்த இரண்டு நாளும் தோட்டம் முழுக்க அதே பேச்சு. பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் நாலு பேரில் எவள் என்று விரல் மடக்கி எண்ணிப் பார்த்தார்கள். எண்ணிய எண்ணத்தில் யாருக்கும் பெரிய ஆசை இருக்கவில்லை, ஏனென்றால் அதற்குள் ஏன் ஒருத்தி போவாள் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது, தெரிந்தவர்களில் பாதிப் பேருக்குச் சொந்த வயிற்றிலேயே தெரிந்திருந்தது. பூசாரி, அது அம்மன் விட்ட முந்தானை என்று சொல்லிக் கையோடு ஒரு காணிக்கைத் தட்டு வைக்கவும் இடம் பார்த்தார். தொழிற்சங்கத் தலைவர் கூட்டம் போட்டு, மூட்டத்துக்குள் இருப்பவரும் ஒரு தொழிலாளி, அவருக்கும் முழு நாள் பேர் போடவேண்டும் என்று மேசையில் குத்திப் பேசினார், குத்திய இடத்தில் தேத்தண்ணிக் கிளாஸ் கவிழ்ந்து தீர்மானக் கடுதாசி நனைந்துபோயிற்று. சின்னப் பிள்ளைகளுக்கு ஒரே ஒரு கேள்விதான்: அதை என்னவென்று கூப்பிடுவது. கடைசியில் 'மூட்டக்கா' என்று வைத்துக்கொண்டார்கள். மரியாதையும் கெடவில்லை, ஆளையும் காட்டவில்லை.

புதன்கிழமை பொழுது சாயும்போது இடது பக்கத்துச் சுவருக்கு மேலால் அந்தோணியம்மாளின் கட்டைக் குரல் வந்தது.

"யோகம், புது ரேடியோ வாங்கியிருக்க போல."

"ஆமாக்கா."

"நல்லாத்தான் பாடுது." கொஞ்சம் விட்டு, "நாளைக்கு எனக்குக் காய்ச்சல் வரப்போகுது புள்ள. கீழ்க் காம்பராவுல ரெண்டு பேருக்கும் வருமாம். எதிர்லயத்துல மூணு பேருக்கு இப்பவே ஒடம்பு சுடுதாம்."

எந்தக் குரலில் பதில் சொல்வது என்று யோகமலருக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை, காலையில் ஆள் கூடுகிற பெரட்டுக்களத்தில் ஏழு பெண்கள் இல்லை. ஏழும் காய்ச்சல் என்றார்கள். கணக்கப்பிள்ளை ஏழு பேருக்கும் சுழி போட்டுவிட்டு, "தொத்துக் காய்ச்சல் போலருக்கு" என்று அவராகவே துரையிடம் சொன்னார். ஆறு பெண்கள் அன்று நாள்பூரா கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு நோவும் இல்லாமல் படுத்துக் கிடந்தார்கள். ஏழாவது ஆள் கல்யாணத்துக்கு எடுத்த நீலச் சேலையைக் கட்டி, அதற்கு மேல் மூட்டத்தைப் போட்டுக்கொண்டு, காலை பஸ்ஸைப் பிடித்தாள்.

பஸ்ஸில் ஒருவரும் அலறவில்லை. கொண்டக்டர் மூட்டத்தை மேலும் கீழும் பார்த்தான், ஒரு டிக்கெட்டா ரெண்டா என்று மட்டும் கேட்டான், ஈரக் காசை வாங்கித் துடைத்துப் பைக்குள் போட்டான், "மூட்டக்கா முன்னுக்கு வாங்க, பின்னால கண்ணாடி பனி புடிக்குது" என்றான். பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்த மரக்கறி வியாபாரி தன் லீக்ஸ் கட்டை மெல்ல மூட்டத்துக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார், வாடாமல் இருக்கட்டும் என்று.

நகரத்துக்கு வெளியே பொலிஸ்காரர்கள் பஸ்ஸை மறித்து அடையாள அட்டை பார்த்தார்கள். ஒருவர் ஏறி வந்து மூட்டத்துக்கு முன்னால் நின்றார். அட்டையைக் கொடுத்தால் யோகமலரின் பேர் வெளியே தெரிந்துவிடும். அவருடைய சட்டையில் குத்தியிருந்த பேரை வாசித்தாள், வாசித்துவிட்டு, புஷ்பலீலாவின் சவப்பெட்டியை இறக்கி வைத்திருந்த வாசலில் நின்றுகொண்டு லயத்துப் பெண்களுக்கெல்லாம் சட்டம் பற்றி ஒரு மணி நேரம் பேசிய இன்ஸ்பெக்டரின் குரலை எடுத்தாள். அந்தக் குரல் ஒரு வருசமாக அவள் தொண்டையில் வேலையில்லாமல் கிடந்தது.

"என்ன ரணவீர, எத்தனை பஸ்ஸை இப்பிடி மறிச்சு வச்சிருக்கிற? சனத்துக்கு வேலை வெட்டி இல்லையா?"

ரணவீர மூட்டத்துக்கு சலூட் அடித்தார். இறங்கிப் போய்ப் பின்னால் நின்ற மூன்று பஸ்ஸையும் சேர்த்துப் போகவிட்டார்.

பங்களா டிரைவர் சொன்ன அந்த இடத்தின் போர்டில் தோலுக்கும் முடிக்கும் சிகிச்சை என்று போட்டிருந்தது. கதவு திறக்கிற பையன், மூட்டத்தைக் கண்டதும் எழுந்து நின்றான். உள்ளே மெத்தென்ற நாற்காலிகளில் நாலைந்து பெண்கள், ஆளுக்கொரு மூலையாக, பெரிய கறுப்புக் கண்ணாடியும் மூக்குவரை முகமூடியும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தாள். அத்தனை பேரும் மூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்கள், பார்த்த பார்வையில் பொறாமை இருந்தது. இவ்வளவு மறைப்புக் கிடைக்க வேண்டுமென்றால் எவ்வளவு பெரிய இடத்து ஆளாக இருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியது, வரவேற்பு மேசைக்காரிக்கும் அதுவே தோன்றியது, ஆகவே அவள் பேர் கேட்கவில்லை, அட்வான்ஸ் கேட்கவில்லை, உட்காருங்க மேடம் என்று எழுந்து நின்றே சொன்னாள். தொரசாணியம்மாவின் குரலில், வாயை முழுக்கத் திறக்காமல் பேசுகிற அந்தக் குரலில், யோகமலர் ஒரு தேங்க்யூ சொன்னாள்.

பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்திருந்தவள் தாங்கமாட்டாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எந்தக் கடையில் வாங்கியது, சிங்கப்பூரா என்று கேட்டாள். போன தடவை தானும் சிங்கப்பூருக்குத்தான் போனதாகவும், இந்தத் தடவை பாஸ்போர்ட்டை மாமியார் பூட்டி வைத்திருப்பதாகவும், டிரைவர்கூட மாமியாரின் ஆள் என்பதால் முச்சக்கர வண்டியில் வந்ததாகவும் ஒரே மூச்சில் சொன்னாள். யோகமலருக்கு என்னவோ போலிருந்தது. மூட்டத்துக்குள்ளிருந்து கையை நீட்டி அவளுடைய கையைப் பிடித்தாள். பிடித்த கையின் சொரசொரப்பை அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். பார்த்தும் விடவில்லை.

உள்ளே டொக்டரம்மா, ஐம்பது வயது இருக்கும், மூட்டத்தைக் கழற்றச் சொன்னார். யோகமலர் கழற்றி, அவருடைய வெள்ளைக் கோட்டு தொங்கிய கொக்கியில் மாட்டினாள். அவ்வளவுதான், இனி ஒரு குரலும் உதவாது. தேயிலைச் சாறு ஏறிக் கறுத்து வெடித்த விரல்கள், கூடைக் கயிறு நெற்றிக்கு மேலே இழுத்துவிட்ட தடம், எல்லாம் அந்த வெளிச்சத்தில் பேசின. டொக்டரம்மா பேனையைக் கீழே வைத்தார்.

யோகமலர் தன் குரலில் பேசினாள். ரொம்ப நாளாகப் பாவிக்காததால் அது கொஞ்சம் கரகரத்தது.

"நான் ஊசிக்கல் தோட்டத்துல கொழுந்து எடுக்கிறவங்க. பொய்க் குரல்ல உள்ள வந்தேன். வெளிய போன்னா போயிருவேன். ஆனா போனா எங்க போவேன்னு ஒங்களுக்குத் தெரியும்."

டொக்டரம்மாவுக்குத் தெரியும். சின்ன வயதில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது அந்த மாதிரி வீடுகளிலிருந்து கடைசி நேரத்தில் கொண்டுவரப்பட்டவர்களை அவர்தான் கட்டிலில் ஏற்றியிருக்கிறார், இறக்கியும் இருக்கிறார். அவர் எழுந்து கையைக் கழுவினார், நல்லா நேரம் எடுத்துக் கழுவினார்.

"எத்தனை வாரம்?"

"எட்டுங்க."

"பத்து நிமிஷம்" என்றார் டொக்டரம்மா. "எல்லாருக்கும் அதே பத்து நிமிஷந்தான்."

பத்து நிமிஷம்தான். புஷ்பலீலாவுக்குக் கிடைக்காத பத்து நிமிஷம், மாதவிடாய் வலி மாதிரி ஒரு வலி, கொஞ்சம் அதிகம், ஒரு நர்ஸின் கை, பிறகு ஒரு படுக்கை, ஒரு கப் பால் தேத்தண்ணி, இரண்டு மாரி பிஸ்கட். காய்ச்சல் வந்தாலோ இரத்தம் அதிகமாகப் போனாலோ உடனே கூப்பிடு, எந்த நேரமானாலும் கூப்பிடு என்று டொக்டரம்மா ஒரு நம்பர் எழுதிக் கொடுத்தார். மேசைக்காரி பில் யார் பேரில் என்று உள்ளே கேட்டாளாம், மூட்டத்துக்கெல்லாம் பில் இல்லை என்று பதில் வந்ததாம்.

திரும்பி வரும் பஸ்ஸில், கடைசிச் சீட்டில், மூட்டத்துக்குள் யோகமலர் சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. சிரிப்பு அடிவயிற்றில் இழுத்துப் பிடித்தது, அதனால் கையை அங்கே வைத்துக்கொண்டு சிரித்தாள், பிறகு கொஞ்சம் அழுதாள், பிறகு மரக்கறி வியாபாரி யாரோ விட்டுப்போன ஒரு கரட்டைக் கடித்துத் தின்றாள். மலை வளைவுகளில் பஸ் ஏறியது. அவளுக்குத் தூக்கம் வந்தது, பல நாளைக்குப் பிறகு முதல் தடவையாக உருப்படியான தூக்கம்.

இரண்டு நாள் கழித்து அவள் மூட்டத்தைக் கொண்டுபோய், பீலிக்கரையில் துணி துவைக்கிற பீலிக்கல்லின் மேல் போட்டுவிட்டு வந்தாள். யாரும் பார்க்கவில்லை, அதாவது பார்த்த எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை அது அங்கே இல்லை. அன்று பெரட்டுக்களத்தில் ஐந்து பேருக்குக் காய்ச்சல்.

அப்படியே அது பழக்கமாயிற்று. யாரும் கூடி முடிவெடுக்கவில்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, ஆனால் மூட்டம் ஒற்றையடிப் பாதையில் வந்தால் ஆண்கள் ஓரம் ஒதுங்கிப் பீடியை அணைக்கவேண்டும் என்று ஆயிற்று, மூட்டத்தோடு பேசலாம் ஆனால் கேள்வி கேட்கக்கூடாது என்று ஆயிற்று, கல்லில் திரும்பக் கிடந்தால் யாராவது ஒருத்தி போய் நல்ல தண்ணீரில் அலசிப் போடவேண்டும் என்று ஆயிற்று. கொண்டக்டர் முன்சீட்டில் ஒரு பழைய துண்டு விரித்து வைத்தான். சில பெண்கள் அதைப் போட்டுக்கொண்டு பாதி வழி போய், இல்லை, எனக்கு இது வேண்டும் என்று திரும்பி வந்தார்கள், அவர்களையும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

துரை ஆபீஸ் வாசலில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார், வெயில் நேரத்தில் மூட்டம் அணிந்து தோட்ட எல்லைக்குள் நடமாடுவது தடை என்று. மறுநாள் நோட்டீஸில் ஒரு எழுத்தும் இல்லை, எல்லாம் ஈரத்தில் கரைந்து வழிந்திருந்தது. அவர் இரண்டாவது ஒட்டவில்லை. பங்களாவில் தொரசாணியம்மா சாப்பாட்டு மேசையில் அவரிடம் ஏதோ சொன்னாராம், என்ன சொன்னார் என்று சமையல்காரருக்குக் கேட்கவில்லை, துரை அன்றைக்கு இனிப்புச் சாப்பிடாமல் எழுந்தது மட்டும் தெரியும்.

பொலிஸும் வந்தது. வியாபாரம் படுக்கத் தொடங்கிய கீழ்ப்பிரிவு வீட்டிலிருந்துதான் மொட்டைக் கடுதாசி போயிருந்தது. இரண்டு பேர் வந்து மூட்டத்துக்குள் போனவர்கள் யார் யார் என்று கணக்கப்பிள்ளையைக் கேட்டார்கள். அவர் தன் முழங்காலைத் தடவிக்கொண்டு, தான் மலையில் எல்லாரையும் கண்ணால் பார்த்தே பேர் போடுவதாகவும், பத்தொன்பது பேரும் பத்தொன்பது பேராகவே இருப்பதாகவும், வேண்டுமானால் செக்ரோலைப் பார்க்கலாம் என்றும் சத்தியம் செய்தார். வேறு வழியில்லாமல் பீலிக்கல்லில் காய்ந்துகொண்டிருந்த மூட்டத்தையே சாட்சிப் பொருளாக மடித்து ஒரு சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு போனார்கள். ஸ்டேஷனுக்குப் போய் அவிழ்த்தபோது சாக்கு நனைந்திருந்தது, அவ்வளவுதான். விடிந்து தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் அதைப் பழைய கல்லிலேயே கண்டார்கள். ஒருத்தி, வெள்ளனவே வந்துட்டியா என்று கேட்டுவிட்டுக் குடத்தை வைத்தாள்.

மாதம் முடிந்து மருத்துவிச்சி மிஸ் தன் சுற்றுக்கு வந்தார். யோகமலரின் காம்பராவுக்குள் வந்து உட்கார்ந்து, பெரிய புத்தகத்தை மடியில் விரித்து, பேனையைத் திறந்து, முகத்தைப் பார்க்காமல், பாடப் புத்தகக் குரலில் கடைசியாக மாதவிலக்காகிக் குளித்த தேதி என்ன என்று கேட்டார்.

"நேத்து, மிஸ்."

மிஸ் நிமிர்ந்து பார்த்தார். யோகமலரின் கண் இமையைக் கீழே இழுத்து இரத்தம் இருக்கிறதா என்று பார்த்தார், நெற்றியில் கை வைத்துச் சூடு பார்த்தார், வயிற்றை மெல்ல அழுத்தி, வலிக்குதா என்றார், இல்லை என்றாள். மறுபடியும் கேட்டார், மறுபடியும் இல்லை என்றாள். மிஸ் புத்தகத்தை மூடினார். பதினெட்டு வருசமாக இந்த மலைகளில் ஏறி இறங்கி, முடியாது, சட்டம் இல்லை, இந்தா மாத்திரை என்று சொல்லிச் சொல்லி, எந்த வாசலில் சொன்னோமோ அதே வாசலில் சில பேரின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றும் பழகிப்போன அந்த அம்மா, நிலைப்படியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு நீளமாக வெளியே வந்தது, வந்துகொண்டே இருந்தது.

"தேத்தண்ணி ஊத்தவா மிஸ்?"

"ஊத்து. சீனி போடு, நெறையப் போடு."

குடித்து முடித்து, கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு, புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தவர் வாசலில் நின்றார். இந்தத் தடவை காதுக்குப் பக்கத்தில் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்கட்டும் என்கிற மாதிரிதான் கேட்டார்.

"அது இப்ப கல்லுல கெடக்குதா?"

"கெடக்கு மிஸ். நேத்துத்தான் அந்தோணியக்கா அலசிப் போட்டாங்க."

"மேல்மலைத் தோட்டத்துல ஒரு புள்ள இருக்கு. எட்டுக் கட்டை தூரம் நடக்கணும். அது இங்க வந்து எடுக்க முடியாது."

சொல்லிவிட்டுப் பீலிக்கரைக்கு இறங்கிப் போனார். மாத்திரை அட்டைகளையும் எடைத் தராசையும் ஒரு பக்கமாக ஒதுக்கி, மூட்டத்தை நாலாக எட்டாக மடித்து, அரசாங்க முத்திரை போட்ட அந்தப் பைக்குள் திணித்தார், சிப் மூடவில்லை, முழங்காலை வைத்து அழுத்தி மூடினார். பிறகு நல்ல உச்சி வெயிலில், குடையும் பிடிக்காமல், பை சொட்டச் சொட்ட மேல்மலைப் பாதையில் ஏறிப் போனார். அவர் போன வழி முழுக்க மண்ணில் ஈரப் பொட்டு விழுந்துகொண்டே போனது.

யோகமலர் வாசலில் நின்று அவர் வளைவு திரும்பும் வரைக்கும் பார்த்தாள். பிறகு அவளுக்குப் பசித்தது. உள்ளே போய்ப் பானையைத் திறந்து, நெத்தலிக் கருவாட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்து, நின்றுகொண்டே ஒரு தட்டுச் சோறும், உட்கார்ந்து இன்னொரு தட்டுச் சோறும் சாப்பிட்டாள்.